தவமலரின் கோதுகள் விழுந்த இடம்

ஆயுத அறைக்குப் பொறுப்பாக இருக்கிறவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். தவமலரின் கையில் பலமில்லை, அதனால்தான் துவக்கு மூடாமல் இறுகியது என்று எழுதியது பொய். அவளுடைய காப்பு நூல் சிக்கியது என்று இப்போது அச்சடித்திருப்பது அதைவிடக் கேவலமான பொய். முதல் பொய்யின் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இதை எழுதுவது உங்களுக்காக அல்ல. புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்காக. பிள்ளைகளே, நான் பதினேழு வருடம் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் பிஸ்டல் பழக்கியவன். வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகிற வான் வண்டியில் காவலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் என் கையால் வந்தவர்கள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. மட்டக்களப்பில் இருக்கிறவனுக்கு விளங்கும். விளங்காதவனுக்குத் தேவையில்லை.

இந்தத் தொழிலில் நல்லவன் என்று யாரையும் நம்பாதீர்கள். பழக்குகிறவனையும் நம்பாதீர்கள். நான் முதல் ஆறேழு வருடம் பிடியையே பிழையாகப் பழக்கினேன். தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைத்துத் தாங்குவதுபோல இடது கையை அடியில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். எனக்கு அப்படித்தான் காட்டினார்கள், நானும் காட்டினேன். ஒரு வெடிக்குப் பிறகு துவக்கின் வாய் வானத்தைப் பார்க்கும். அடுத்த வெடிக்குக் குறியைத் தேடிப் பிடிக்கவே நேரம் போகும். உதைப்பு எங்கே இருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. அது கைக்கு மேலே இருந்து வருகிறது. ஆகவே வலது கை எவ்வளவு மேலே ஏறிப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு வாய் குறைவாக எழும்பும். வலது கை மூடாத இடத்தை இடது உள்ளங்கை நிரப்ப வேண்டும். எங்கே இடைவெளி விடுகிறாயோ அந்தப் பக்கமாகத்தான் துவக்கு ஓடும். மணிக்கட்டு மடியக்கூடாது. இவ்வளவுதான் விஷயம். இதை எனக்குத் திருத்திக் காட்டியவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூரிலிருந்து வந்தவர். என் பிடியைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும், "தேத்தண்ணி ஆறிப் போகும், குடிச்சிட்டு வாங்க" என்றார். அன்றைக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு வருடம் கழித்துத்தான் நன்றி வந்தது.

ஆனால் அவர் சொன்ன ஒன்றை நான் பாதியாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதன் விலையைத் தவமலர் கொடுத்தாள்.

தவமலர் வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை. இருபத்து நாலு வயது. தகப்பனுக்கு ஊர் வயல் வட்டையில் மூன்று ஏக்கர். வேலைக்கு வருமுன் இவள்தான் இரண்டு சக்கர உழவு மெசின் பிடித்து உழுதாள். முதல் நாள் கரடியனாற்றுக்கு அப்பால் கிறவல் தோண்டிய கிடங்கில், எங்கள் வெடிப் பயிற்சி எல்லாம் அங்கேதான், பிஸ்டலைக் கையில் கொடுத்தேன். ஐந்து வெடி. ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் மூடலாம். ஒவ்வொரு வெடிக்கும் துவக்கின் வாய் கொஞ்சம் எழும்பி, தானாகவே பழைய இடத்துக்கு வந்து நின்றது.

பாராட்டியிருக்க வேண்டும். நான் சந்தேகப்பட்டேன். சண்டை நடந்த எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை முதல் நாளே துவக்கை ஒழுங்காகப் பிடித்தால் மனது எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"முந்தி எங்க புள்ள பிடிச்ச?" என்று கேட்டேன்.

அவளுக்கு என்ன கேட்கிறேன் என்று உடனே விளங்கிவிட்டது. "சண்டை முடியக்குள்ள நான் சின்னப் புள்ள சேர். பிடிச்சதெண்டா உழவு மெசின்தான். அதோட மல்லுக்கட்டினா அது நம்மள இழுத்துட்டுப் போயிரும். இறுக்கிப் பிடிச்சிட்டு, அது குலுங்குற குலுக்கத்துக்கு நிண்டு குடுக்கணும்."

நல்ல பதில். பதினேழு வருடத்தில் நான் உதைப்பைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாருக்கும் சொன்னதில்லை. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த முறை அவளுடைய மகசினில் நல்ல ரவைகளுக்கு நடுவில் வெடிக்காத பொய் ரவைகள் இரண்டைப் போட்டுக் கொடுத்தேன். உதைக்குப் பயப்படுகிற கை, வெடிக்குமுன்னே துவக்கின் வாயைக் கீழே குத்தும். உண்மை ரவையில் அது வெடிச் சத்தத்தில் மறைந்துபோகும். பொய் ரவையில் அப்பட்டமாகத் தெரியும். தவமலர் விசையை அழுத்தினாள். டிக் என்றது. துவக்கு அசையவில்லை. மற்றதிலும் அசையவில்லை. நான் ரவை போட்டதை அவள் பார்த்திருப்பாளோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது ஆயுத அறைப் பொறுப்பாளரிடம், "இந்தப் புள்ள எங்கயோ பழகியிருக்குப் போல" என்று வாயை விட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சில ஆட்கள் தலையை ஆட்டினால் எங்கேயோ எழுதி வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒன்றரை வருடம் தவமலர் காசு வண்டியில் காவலுக்குப் போனாள். ஒரு முறைப்பாடு இல்லை.

பிறகு வருடாந்தச் சோதனை வந்தது. வெள்ளிக்கிழமை. ஒவ்வொருவருக்கும் பத்து வெடிப்படி இரண்டு சுற்று. அன்றைக்கு அவளுக்குக் கொடுத்தது அவள் வழக்கமாகக் கொண்டுபோகிற துவக்கு அல்ல, ஆயுத அறையில் கனகாலம் கிடந்த பழைய ஒன்று. ஏன் மாற்றிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் சுற்றில் இரண்டு தரம் துவக்கு மூடவில்லை. மேலே ஓடுகிற இரும்பு, நாங்கள் ஸ்லைட் என்போம், வெடிக்குப் பிறகு பின்னால் போய்த் திரும்பி முன்னால் வந்து மூட வேண்டும். அது ஒரு நகத்தளவு குறையாக வந்து நின்றது. தவமலர் தட்டிச் சரிசெய்து சுட்டு முடித்தாள்.

சுற்று முடிந்தால் அவரவர் சுட்ட ரவையின் வெற்றுக் கோதுகளை அவரவரே பொறுக்கித் தகர ரின்னில் போட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவர்களின் கோதுகள் வலப்பக்கத்தில் மூன்று நான்கு காலடிக்குள் கிடந்தன. தவமலரின் கோதுகளைக் காணோம். தேடினால் எட்டுப் பத்துக் காலடிக்கு அப்பால், காரை முட்பற்றைக்குள். அவளுக்கு வலப்பக்கம் நின்று சுட்ட இர்ஷாத் பகிடி பண்ணினான். "தவா, உன்ட கோது மாடு மேய்க்கப் போயிட்டு. நீ போய்க் கூட்டிட்டு வா." அவள் முள்ளில் கையைக் கீறிக்கொண்டு பொறுக்கினாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தக் கோதுகள்தான் சாட்சி என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வந்து ஆயுத அறைப் பொறுப்பாளரிடம் சொன்னாள், துவக்கு முழுக்க மூடுதில்லை என்று. அவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "இறுக்கிப் பிடி" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் அதையே சொன்னேன். "இறுக்கிப் பிடி புள்ள. என்ன நடந்தாலும் பிடிய விடாத."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். நான் பாதியாக எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். கை ஒரு முழுச் சாமான். ஒரு விரலை இறுக்கினால் மற்ற விரலும் இறுகும். ஒரு கை எதையாவது ஓங்கி அடித்தால் மற்றக் கையும் பொத்திக்கொள்ளும். அதனால் இறுக்கத்தில் பெரும்பங்கு இடது கையிலிருந்து வர வேண்டும், வலது கை கொஞ்சம் இளகி இருக்க வேண்டும், சுடுகிற நேரம் தவிர சுட்டுவிரல் வெளியே நீட்டி இருக்க வேண்டும் என்று அந்த வெளியூர்க்காரர் தலைபாடாக அடித்துச் சொன்னார். நான் முதல் பாதியைப் பழக்கினேன். விரலைப் பற்றி முதல் கிழமையில் ஒருதரம் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். பிறகு விடாதே, விடாதே என்பதுதான் என் பாட்டு.

இரண்டாவது சுற்றில் நாலாவது வெடிக்குப் பிறகு துவக்கு மறுபடி மூடவில்லை. தவமலர் துவக்கின் வாயை நிலத்துக்குச் சரித்தாள். சரியாகத்தான் செய்தாள். நான் சொன்னபடி வலது கைப் பிடியை விடவில்லை. இடது உள்ளங்கையால் ஸ்லைட்டின் பின்பக்கம் ஓங்கி அடித்தாள். அது மூடியது. அடித்த அடிக்கு வலது கை முழுதும் பொத்தியது. சுட்டுவிரல் உள்ளே இருந்தது. வெடித்தது. ரவை கிறவலில் பட்டு ஒரு கல் தெறித்து இர்ஷாத்தின் கெண்டைக்காலைக் கிழித்தது.

நாலு தையல். ஒரு முழம் மேலே பட்டிருந்தால் இன்றைக்கு வேறு கதை எழுதியிருப்பேன்.

நான் ஓடிப்போய்த் துவக்கை வாங்கி ரவையை எடுத்தேன். ஸ்லைட்டை இழுத்தபோது இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. வழக்கமாக முழுக் கையும் போட்டு இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் யார் அதை யோசிப்பார்கள்? இர்ஷாத் கீழே கிடக்கிறான். தவமலர் தன் துப்பட்டாவைக் கிழித்து அவன் காலில் கட்டுகிறாள். துவக்கைப் பொறுப்பாளர் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காத்தான்குடிக்கு இர்ஷாத்தைப் பார்க்கப் போனேன். காலை நீட்டி இருந்தான். தவமலரின் கை தளர்ந்துதான் இப்படி நடந்தது என்று நிறுவனக் கந்தோரில் பேசுகிறார்கள் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"சேர், நான் பக்கத்துல நிண்டவன். அவட கோதெல்லாம் என்ட தலைக்கு மேலால போன. கை தளர்ந்தா கோது காலடியிலதான் விழும் எண்டு நீங்கதானே எங்களுக்குப் படிச்சுத் தந்த?"

அவன் சொன்னது சரி. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைட் முழுதாகப் பின்னால் போகாது. கோது சோம்பலாக வெளியே வந்து காலடியில் விழும், இல்லாவிட்டால் ஸ்லைட்டின் பக்கத்து வாயிலேயே நிமிர்ந்து நிற்கும். இவளுடைய கோது பற்றைக்குள் போனது. அப்படியென்றால் ஸ்லைட் அளவுக்கு மீறிய வேகத்தில் பின்னால் போயிருக்கிறது. போன வேகத்தை அடக்கவும் பலமில்லாமல், திரும்ப முன்னால் தள்ளி மூடவும் பலமில்லாமல் இருந்தது அவளுடைய கை அல்ல. துவக்குக்குள் இருக்கிற ஸ்பிரிங். தேய்ந்து செத்த ஸ்பிரிங். அதை மாற்ற வேண்டியது ஆயுத அறை.

"காலில காயம் எனக்கு. எனக்கே அவள்ல கோவமில்ல" என்றான் இர்ஷாத். "மறுகா உங்களுக்கென்ன?"

திங்கட்கிழமை விசாரணை. முகாமையாளர், பொறுப்பாளர், நான். எதிரே தவமலர். முகாமையாளர் முதல் கேட்ட கேள்வி துவக்கைப் பற்றியதல்ல. "இதுக்கு முன்னுக்கு நீங்க எங்க பழகின?" என்று கேட்டார். என் வாயிலிருந்து போன சொல், பொறுப்பாளரின் தலையாட்டலில் தங்கி, முகாமையாளரின் வாய்வழி திரும்பி வந்தது. தவமலர் என்னைத்தான் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

அவள் சொன்னது குறைவு. "விரல் உள்ளதான் இருந்த. அது என்ட பிழை. ஆனா துவக்கு மூடல்ல. அது நான் முதலே சொன்னன்."

முகாமையாளர் முதல் பாதியை மட்டும் எழுதினார். பிறகு எல்லாருமாகக் கிடங்குக்குப் போனோம். பொறுப்பாளர் அதே துவக்கால் இருபது வெடி வைத்தார். ஒன்றுகூட இறுகவில்லை. "துவக்கில பிழை இல்லை" என்றார் முகாமையாளர். நான் துவக்கைக் கையில் எடுத்தேன். இலக்கம் அதே இலக்கம். ஸ்லைட்டை இழுத்தேன். இரண்டு விரலுக்கு வரவில்லை. முழுக் கையும் போட வேண்டியிருந்தது. உள்ளே புதுக் கிறீஸ் மினுங்கியது. நிலத்தைப் பார்த்தேன். இருபது கோதும் மூன்று காலடிக்குள் கிடந்தன. பொறுப்பாளரைப் பார்த்தேன். அவர் துணியால் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் ஸ்பிரிங் மாறியிருக்கிறது.

முகாமையாளர் அறிக்கையை நீட்டினார். "பிடி தளர்வு. ஆயுதம் கையாளத் தகுதியில்லை." கீழே பயிற்றுநர் கையெழுத்துக்கு ஒரு கோடு. உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம்தானே, பிரியாவிடையைப் பெரிசாகச் செய்வோம் என்று சிரித்தபடி சொன்னார். நான் கையெழுத்து வைத்தேன். யாரும் என்னை வெருட்டவில்லை. வேலையைப் பறிப்போம் என்று சொல்லவில்லை. மாலை போட்டு அனுப்புவார்கள், அதைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். வேறு காரணம் தேடி உங்களை ஏமாற்ற மாட்டேன். அவ்வளவுதான் என் விலை. இன்னொன்றும் இருந்தது. துவக்கை நோண்டினால் பாடத்தையும் நோண்டுவார்கள். விடாதே என்று கத்தியது யார் என்று கேட்பார்கள்.

தவமலரை அன்றைக்கே நிறுத்தினார்கள். பிரியாவிடை நடந்தது. மாலையும் விழுந்தது.

போன மாதம் இர்ஷாத் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். புதியவர்களுக்குக் கொடுக்கிற பாடத்தாள். அதில் தவமலரின் பெயர் இல்லாமல் அவளுடைய கதை இருக்கிறது. இப்போது காரணம் மாறியிருக்கிறது. இடது மணிக்கட்டில் கட்டியிருந்த காப்பு நூல் ஸ்லைட்டின் வாயில் சிக்கியதாம். அதனால் கோயில் நூலோடு யாரும் துவக்குப் பிடிக்கக்கூடாதாம். பெண்களுக்கு மணிக்கட்டுப் பலம் போதாததால் இனி அவர்களைத் துவக்குக் கடமைக்கு எடுப்பதில்லையாம்.

அவள் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு நேர்ந்து கட்டிய நூல் அது. கட்டியிருந்தாள், நான் கண்டேன். ஆனால் கோது வெளியே வருகிற வாய் துவக்கின் வலப்பக்கம் இருக்கிறது. இரண்டு கையாலும் பிடிக்கும்போது இடது மணிக்கட்டு இடப்பக்கம், கீழே, பின்னுக்கு நிற்கும். அந்த நூலைக் கொண்டுபோய் அந்த வாயில் சிக்கவைக்க வேண்டுமென்றால் கையை முறித்துத்தான் சிக்கவைக்க வேண்டும். இதை எழுதியவர் துவக்கை ஒருநாளும் பிடிக்காதவர், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் எல்லாரும் மடையர் என்று நினைப்பவர். ஒரு சம்பவத்துக்குப் போன வருடம் ஒரு காரணம், இந்த வருடம் வேறு காரணம். முதல் காரணம் உண்மையென்றால் இரண்டாவது எதற்கு?

படத்தைப் பார்த்த மறுநாள் வெல்லாவெளிக்குப் போனேன். தவமலர் வயலில் மெசினை நிறுத்திவிட்டுச் சேற்றுக் காலோடு வரம்பில் ஏறி வந்தாள். இருங்க சேர் என்று சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள். வேறு இரண்டு நிறுவனங்களில் வேலை கேட்டிருக்கிறாள். இரண்டிலும் பழைய இடத்துக் கடிதத்தைக் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தில் தகுதியில்லை என்ற சொல்லும் அதன் கீழே என் பெயரும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் கதவை மூடிவிடுகிறார்கள்.

பாடத்தாளின் படத்தைக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"சேர், கையெழுத்து வைக்கக்குள்ள நீங்க என்ன நினைச்ச?"

"ஒண்டும் நினைக்கல்ல" என்றேன். அதுவும் பொய். மாலையை நினைத்தேன்.

"விரல் உள்ள வச்சது பிழை எண்டு நான் ஒத்துக்கிட்டன். அந்த அறையில ஒத்துக்கிட்டது நான் மட்டும்தான்" என்றாள். பிறகு தண்ணீர் வற்றுமுன் உழுது முடிக்க வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டாள். இறங்குமுன் அவள் கேட்டது பெரிய காரியமல்ல. அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுங்கள் என்பதுதான். நான் எழுதி அனுப்பினேன். முகாமையாளர், விசாரணை முடிந்த விடயம் என்று ஒரு வரியில் பதில் போட்டார். பொறுப்பாளர் என் அழைப்பை எடுப்பதே இல்லை.

பிள்ளைகளே, உங்கள் கையில் தருகிற துவக்கைச் சந்தேகப்படுங்கள். ஸ்லைட்டை இழுத்துப் பாருங்கள். லேசாக வந்தால் வாங்காதீர்கள். கோது எங்கே விழுகிறது என்று பாருங்கள். அது யாருக்கும் பயந்து சாட்சி சொல்லாது. இறுக்கிப் பிடி என்று எவனாவது சொன்னால், எந்தக் கையால் என்று திருப்பிக் கேளுங்கள். சுட்டுவிரலைப் பற்றிச் சொல்லாமல் பிடியைப் பற்றிப் பேசுகிறவன் அரைப் பயிற்றுநர். நான் அப்படித்தான் இருந்தேன்.

பொறுப்பாளரே, வருகிற சோதனை நாளில் நானும் கிடங்குக்கு வருவேன். வாசலில் மறித்தால் வீதியில் நிற்பேன். புதியவர்கள் எல்லார் முன்னாலும் என் கையெழுத்து பொய்க் கையெழுத்து என்று முதலில் நான் சொல்வேன். அதற்குப் பிறகு உங்கள் முறை. என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், முகாமையாளரின் அறைக்குள்ளும் சொல்ல வேண்டாம். துவக்கு இடுப்பில் கட்டப்போகிற அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போன அந்தத் துவக்கைத் திங்கள் காலைக்குள் கழற்றியது யார்? உள்ளே இருந்த பழைய ஸ்பிரிங்கை எங்கே போட்டீர்கள்?